விழுந்த பிறகு மீண்டும் தடை தாண்ட: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

குதிரையிலிருந்து விழுந்தவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. உடனே ஏறு என்பார் ஒருவர். இனி லாயத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்பார்கள் வீட்டில். குதிரையை மாற்று, பயிற்சியாளரை மாற்று, பெங்களூருவில் இரண்டு வாரம் தங்கிக் கற்றுக்கொள், நல்ல கவசம் வாங்கு, ஜிம்முக்குப் போ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதுதான் சிக்கல். எல்லாவற்றையும் செய்து பார்க்கப் பணமும் நேரமும் யாரிடமும் இல்லை. வரிசை மாறிப்போனால் சரியான வழிகூட வீணாகிவிடும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் சவாரி செய்து, அறுபது எழுபது சென்டிமீட்டர் தடைகளைச் சாதாரணமாகத் தாண்டிக்கொண்டிருந்தவர், ஒரு விபத்துக்குப் பிறகு தரையில் கிடக்கும் கட்டையைக் கண்டாலே கை இறுகிப்போகிறார் என்றால், அவருக்காகவே இந்த ஒப்பீடு. போட்டிக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. நானும் விழுந்து, காரை எலும்பு கூடிய பிறகு திரும்பிப் போனவள். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைரியத்தைத் தனியாகத் தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் அசையாமல் நின்றால் தைரியம் தானாகப் பின்னால் வருகிறது. எந்த வழி காலை நிலைக்க வைக்கிறது என்பதை வைத்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

பயம் உடம்பை என்ன செய்கிறது

தடைக்கு மேலே சவாரிக்காரரின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது மிகப் பழைய ஞானம் ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை ராணுவங்களில் கற்றுக்கொடுத்தது, குதிரை தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வதைத்தான். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) அதைத் தலைகீழாக்கினார். அங்கவடியை, அதாவது கால் வைக்கும் வளையத்தை, குட்டையாக்கு, பின்புறத்தைச் சேணத்திலிருந்து சற்றே உயர்த்து, கழுத்தை நீட்டக் குதிரைக்கு இடம் கொடு, அதன் எடை எங்கே போகிறதோ நீயும் கூடவே போ என்றார். இன்று ‘டூ-பாயிண்ட்’ என்று ஈ.சி.ஆர். பக்கத்து மைதானத்திலும் நாம் கேட்கிற நிலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவரும் கடைசியில் குதிரையிலிருந்து விழுந்துதான் இறந்தார். விழுந்து எழுந்தவர்களிடம் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

அந்த நிலையில் உடம்பின் எடை இடுப்பு, முழங்கால், கணுக்கால் வழியாக இறங்கிக் குதிகாலில் போய் உட்கார வேண்டும். மூன்று மூட்டுகளும் மடங்கி நிமிர வேண்டும். மாநகரப் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றபடியே டிக்கெட் கிழித்துத் தரும் கண்டக்டரின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். பிரேக் போட்டாலும் வண்டி கிளம்பினாலும் வேலை முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் நடக்கும், மேலுடம்பு அப்படியே இருக்கும்.

விழுந்தவரின் உடம்பு இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. தடை நெருங்கும்போது முழங்கால்கள் சேணத்தைக் கவ்வுகின்றன. முழங்கால் கவ்வியதும் அது ஓர் அச்சாணியாகிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள கால் பின்னால் போகிறது, குதிகால் மேலே ஏறுகிறது, மேலுடம்பு கழுத்தின் மேல் கவிழ்கிறது. கண் தடையின் அடிப்பகுதிக்குப் போகிறது. கை கடிவாளத்தை இழுக்கிறது. குதிரைக்குக் கிடைக்கும் செய்தி என்ன? எழும்ப வேண்டிய நொடியில் வாய் வலிக்கிறது, முன்னங்கால்களின் மேல் பாரம் ஏறுகிறது. அது தயங்கி நிற்கிறது. ஏற்கெனவே பாதி கழுத்தில் இருக்கிற ஆள் மீதிப் பாதியும் போய்த் தரையில் விழுகிறார். முதல் முறை விழுந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். இரண்டாவது முறை விழுவது பெரும்பாலும் இந்தக் கோணலால்தான்.

சென்னையில் இதற்கு உள்ளூர்ச் சிக்கல் ஒன்றும் உண்டு. நமது ஊர்களின் பயிற்சிக் குதிரைகளில் பல, பந்தயம் ஓடி முடித்து வந்த தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள். பந்தயத்தில் அவை பழகியது என்ன? முதுகில் ஒருவர் குட்டை அங்கவடியில் குனிந்து, கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால், அந்தப் பிடியின் மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்பதை. பயந்துபோய்க் குனிந்து இழுக்கிறவர் அதையேதான் கேட்கிறார். குதிரை வேகமெடுக்கிறது, அவர் இன்னும் இழுக்கிறார். ‘இந்தக் குதிரை கட்டுக்கு அடங்காது’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது தனக்குத் தெரிந்த பாடத்தை ஒப்பிக்கிறது, அவ்வளவுதான்.

உடனே ஏறுவதா, காத்திருப்பதா?

விழுந்த கையோடு ஏற்றிவிடுவது பழைய வழக்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பயந்த இடத்திலிருந்து விலகினால் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிக்குப் பழகிவிட்டால் திரும்பிப் போவது மேலும் கடினமாகிறது. பயத்தைச் சிறு சிறு அளவாக எதிர்கொள்ள வேண்டும் என்று மனநல மருத்துவமும் சொல்கிறது. ஆனால் லாயங்களில் நடப்பது அப்படி இல்லை. விழுந்த அதே குதிரை, அதே தடை, அதே உயரம், சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். இப்படித் தாண்டி முடித்தவர் வீட்டுக்குப் போய்க் கைநடுங்க உட்கார்ந்திருப்பதைப் பயிற்சியாளர் பார்ப்பதில்லை.

பக்கவாட்டில் சரிந்து மணலில் இறங்கிவிட்டீர்கள், எங்கும் அடியில்லை, சேணத்தின் வார் தளர்ந்ததுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது என்றால், ஏறுங்கள். நடையில் இரண்டு சுற்று, டிராட் என்ற துள்ளு நடையில் இரண்டு சுற்று, தரையில் கிடக்கும் ஒரு கட்டையைக் கடந்து இறங்கிவிடுங்கள். அன்றைக்கு அது போதும்.

தலை தரையில் பட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை; ஏறக் கூடாது. நினைவு தப்பவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை மறுநாள்கூட வரலாம். மருத்துவரிடம் போகும்போது ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று மட்டும் சொல்லாமல், குதிரையின் முதுகு உயரத்திலிருந்து விழுந்ததையும், திரும்பவும் அதே உயரத்தில் ஏறப்போவதையும் சொல்லுங்கள். இரண்டாவது அடிதான் ஆபத்து என்பதால் அவர் தரும் காலக்கெடு அதற்கேற்ப மாறும். அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீண்டும் பழைய நிலைக்கு வராது, வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாக இருசக்கர வாகன ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு வேலைக்குச் செய்தது. ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது பாஸ் 015 என்ற தர முத்திரை உள்ள சவாரி ஹெல்மெட்டையே வாங்குங்கள்.

எலும்பு முறிந்தவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. காரை எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்பதும், குதிரை தலையை இழுக்கும்போது தோள் தாங்கும் என்பதும் ஒன்றல்ல. இந்த இடைவெளியில் லாயத்தோடு தொடர்பை அறுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. குதிரைக்குப் பிரஷ் போடலாம், கையில் பிடித்து நடத்தலாம், அடுத்தவர் பாடத்தை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்கலாம். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மனதுக்குள் தடை வளர்ந்துகொண்டே போகும்.

லஞ்ச் கயிறா, கிரிட் வரிசையா?

உண்மையான முடிவு இங்கேதான் எடுக்க வேண்டியிருக்கிறது. மற்றவை எல்லாம் இதைச் சுற்றியுள்ள விஷயங்கள்.

லஞ்ச் என்றால், பயிற்சியாளர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவைப்பார். திருப்புவதும் நிறுத்துவதும் வேகமும் அவர் பொறுப்பு. உங்களுக்கு உடம்பைக் கவனிப்பது மட்டுமே வேலை. வியன்னாவில் உள்ள ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேர்கிறவர்கள் கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல் நீண்ட காலம் இப்படித்தான் பழகுகிறார்கள். நம் ஊரில் இதைச் சின்னப் பிள்ளைகளுக்கான பாடமாகவே நினைக்கிறோம். எழுபது சென்டிமீட்டர் தாண்டியவரைத் திரும்பவும் கயிற்றில் கட்டினால் அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கிறது.

முதலில் நடையில் டூ-பாயிண்ட், கை கழுத்து வாரில். கழுத்து வார் என்பது வேறொன்றுமில்லை, பழைய அங்கவடி வார் ஒன்றைக் குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டுவது. “அம்மா, பயமாக இருந்தால் வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாயைப் பிடிக்காதீர்கள்” என்று வயதான சைஸ் (குதிரை பராமரிப்பவர்) ஒருவர் எனக்குச் சொன்னது, பல பாடங்களைவிடப் பயன்பட்டது. நடை பழகியதும் டிராட். பிறகு ஒரு கையை விட்டு நீட்டுவது, இரண்டு கையையும் விடுவது, எழுந்து நின்று உட்காரும் தாளத்தை மாற்றி மாற்றிச் செய்வது. முழங்கால் கவ்வினால் டிராட்டில் மூன்று எட்டுக்குள் முன்னால் கவிழ்ந்துவிடுவீர்கள். யாரும் திட்ட வேண்டியதில்லை, குதிரையே காட்டிக்கொடுத்துவிடும். கடிவாளம் கையில் இல்லாததால் பிடித்துத் தொங்கவும் வழி இல்லை.

பாடம் முடிந்து இறங்கியதும் பூட்ஸின் உட்புறத்தைப் பாருங்கள். சென்னை வெயிலில் குதிரையின் வியர்வையும் உதிர்ந்த முடியும் புழுதியும் சேர்ந்து பழுப்பாக அப்பியிருக்கும். கெண்டைக்கால் பகுதியில் அது ஒரே சீராகப் படிந்திருந்தால் கால் குதிரையின் விலாவை அணைத்திருந்தது என்று பொருள். கெண்டைப் பகுதி சுத்தமாக இருந்து, சவாரிக் கால்சட்டையின் முழங்கால் ஒட்டு மட்டும் கறுத்துப் பளபளவென்று தேய்ந்திருந்தால் கவ்வியிருக்கிறீர்கள். வாரத்துக்கு வாரம் இந்தக் கறை கீழே இறங்குவதைப் பார்ப்பது, பயிற்சியாளர் ‘பரவாயில்லை’ என்று சொல்வதைவிட நம்பகமானது.

லஞ்சின் குறைகளும் சின்னவை அல்ல. ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்பதால் குழுப் பாடத்தைவிடச் செலவு கூடுதலாகும். லஞ்சுக்குப் பழகிய, ஒரே தாளத்தில் சுற்றக்கூடிய குதிரை எல்லா லாயத்திலும் இருப்பதில்லை; பழகாத குதிரையில் இதைச் செய்வதைவிடச் சும்மா இருப்பது மேல். வட்டம் பதினெட்டு இருபது மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், இருபுறமும் மாற்றிச் சுற்ற வேண்டும், இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனால் குதிரையின் கால் மூட்டுகளுக்குக் கேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, தடை வரும்போது மனதுக்குள் ஏற்படும் அந்தச் சுருக்கத்தை லஞ்ச் தொடுவதே இல்லை. வட்டத்தில் அழகாக நிற்பவர் கட்டையைக் கண்டதும் பழையபடி மடங்கிவிடலாம்.

அதைத் தொடுவது கிரிட். தரைக் கட்டைகளையும் சிறு தடைகளையும் அளந்து ஒரே நேர்கோட்டில் வைப்பது. ஹங்கேரியில் பிறந்து, 1955 முதல் 1980 வரை அமெரிக்கத் தாண்டுதல் அணியைப் பயிற்றுவித்த பெர்டாலன் டி நெமெதி, கேவலெட்டி என்ற தாழ்ந்த கட்டைத் தடைகளையும் இத்தகைய வரிசைகளையும் அன்றாடப் பயிற்சியாகவே ஆக்கியவர். பயந்தவருக்கு இதில் உள்ள பெரிய ஆறுதல், முடிவெடுக்கும் சுமை கையை விட்டுப் போவதுதான். தனித் தடைக்குப் போகும்போது ‘எங்கே எழும்பும், இன்னும் ஒரு எட்டு இருக்கிறதா’ என்ற கணக்கு தலையைக் குடையும். கிரிட்டில் அந்தக் கணக்கைக் கட்டைகள் போட்டுவிடுகின்றன. நேராகப் போய், நிலையைக் காத்து, கையை முன்னால் கொடுத்தால் போதும்.

அளவுகள் பயிற்சியாளருக்குத் தெரியும் என்று விட்டுவிடாமல் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். டிராட் கட்டைகளுக்கு இடையே ஏறத்தாழ 1.3 மீட்டர். கடைசிக் கட்டையிலிருந்து குறுக்குக் கட்டைத் தடைக்கு 2.5 முதல் 2.75 மீட்டர். அங்கிருந்து ஒரு கேண்டர் (மிதமான ஓட்டம்) எட்டு விட்டு அடுத்த தடைக்கு 5.5 மீட்டர், அதற்கும் அடுத்ததற்கு 6.4 மீட்டர் அளவில். சிறிய குதிரை, குட்டை நடைக் குதிரை என்றால் இவை சுருங்கும். முதல் நாளே எல்லாவற்றையும் எழுப்பக் கூடாது. எல்லாம் தரையில் கிடக்கும். முதலில் குறுக்குத் தடை மட்டும் எழும், பிறகு அடுத்தது. ஐம்பது அறுபது சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்த எந்தத் தேவையும் இல்லை. மணலில் பதியாத உருண்டைக் கட்டையைக் குதிரை மிதித்தால் அது உருண்டு காலை வாரிவிடும். இரு பக்கமும் மண்ணை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கிரிட்டில் கண் எங்கே போகிறது என்பதுதான் பாதி வேலை. “மேடம், தடை ஓடிப்போகாது, அந்தத் தென்னை மரத்தைப் பாருங்கள்” என்று மைதானத்துக்கு வெளியே கை காட்டுகிற பயிற்சியாளர் உங்களுக்குக் கிடைத்திருந்தால் அவரை விடாதீர்கள். தலை நிமிர்ந்தால் தோள் நிமிர்கிறது; கழுத்தில் கவிழ்வது பாதி குறைகிறது. கூட வந்தவரிடம் கைபேசியைக் கொடுத்து, தடையின் பக்கவாட்டில் குனிந்து நின்று படமெடுக்கச் சொல்லுங்கள். எழும்பும் நொடியில் நிறுத்திப் பார்த்தால் அங்கவடி வார் தரைக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அது பின்னால் சாய்ந்திருந்தால் கால் நழுவியிருக்கிறது. அந்த நொடியில் குதிரை மாயமாகிவிட்டால் காலூன்றி நிற்பீர்களா, மூக்கடித்து விழுவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கிரிட்டின் ஆபத்து, அளவு தப்பினால் குதிரை உள்ளே சிக்கிக்கொள்வது. பந்தயத்திலிருந்து வந்த சில குதிரைகள் வரிசையைக் கண்டாலே பாய்ந்து ஓடும். இடையில் தரைக் கட்டை சேர்ப்பதும், முடிந்ததும் நேராக நிறுத்துவதும் அவற்றில் பலவற்றை அடக்கிவிடும். அப்படியும் அடங்கவில்லை என்றால் அது இப்போது உங்களுக்கான குதிரை இல்லை.

அங்கவடி கழன்று, சமநிலை போய் விழுந்தவர் என்றால் லஞ்சிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பக்கமும், கழுத்தைத் தொடாமல் ஒரு முழு வட்டம் டிராட்டில் டூ-பாயிண்ட் நிலையில் நிற்க முடிந்த பிறகே கிரிட்டுக்குப் போகலாம். அதன் பிறகும் ஒவ்வொரு கிரிட் பாடத்துக்கும் முன் பத்து நிமிடம் லஞ்ச் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கால் ஏற்கெனவே உறுதியாக இருந்து, குதிரை கடைசி நொடியில் நின்றதால் பறந்து விழுந்தவர் என்றால், லஞ்சில் மாதக்கணக்கில் சுற்றுவது காலவிரயம். நேராகக் கிரிட்டின் தரைக் கட்டைகளுக்குப் போகலாம். எது நம் வகை என்று தெரியாதவர்கள், என் அனுபவத்தில், பெரும்பாலும் முதல் வகையாகவே இருக்கிறார்கள்.

குதிரையை மாற்றலாமா?

மாற்றலாம். சொல்லப்போனால், திரும்பி வரும் முதல் சில மாதங்களுக்கு மாற்றியே ஆக வேண்டும். லாயத்திலேயே வயதான, யாரை ஏற்றினாலும் அதே வேகத்தில் போகிற ஒரு குதிரை இருக்கும். அழகுக்குப் பரிசு வாங்காது, ஆனால் நீங்கள் தவறினாலும் அது தவறாது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாக ஒரு குதிரை வாங்கினால் பயம் போய்விடும் என்று சிலர் கிளம்புகிறார்கள். இந்த யோசனைதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் இளம் குதிரைகள் அல்லது பந்தயம் விட்டவை. பயந்த சவாரிக்காரரும் பழகாத குதிரையும் சேர்ந்தால் இருவரும் ஒருவருக்கொருவர் பயத்தைக் கற்றுக்கொடுப்பார்கள். தீவனம், லாடம், லாய வாடகை, சைஸ் சம்பளம், மருத்துவர் என்று மாதந்தோறும் போகும் பணத்தில் நல்ல பயிற்சியாளரிடம் எத்தனையோ தனிப்பாடம் எடுத்துவிடலாம்.

விழத்தள்ளிய குதிரையிடம் எப்போது திரும்புவது? அது ஏன் நின்றது என்று தெரிந்த பிறகு. நன்றாகத் தாண்டிக்கொண்டிருந்த குதிரை திடீரென்று மறுக்க ஆரம்பித்தால் முதுகிலோ குளம்பிலோ வலி இருக்கலாம், சேணம் உறுத்தலாம். பார்த்தீர்களா என்று கேளுங்கள். ‘அது அப்படித்தான், சவுக்கைக் காட்டுங்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் குதிரையோடு பள்ளியையும் மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

பெங்களூருவில் தங்கிப் படிப்பது

பெங்களூருவின் கவர்ச்சி புரிகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். காலை பத்து மணிக்கும் குதிரையும் ஆளும் தளராமல் வேலை செய்யலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் என்ற மூவகைச் சவாரிப் போட்டியில் தனிநபர், அணி என இரண்டு வெள்ளி வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இறுதிச் சுற்றுவரை போன ஃபவாத் மிர்சா அந்த ஊர்க்காரர்தான். தடை தாண்டும் சூழல் அங்கே வளமாக இருக்கிறது.

ஆனால் விழுந்து எழுந்தவரின் முதல் படிக்கு அது பொருந்தாது. தினமும் இரண்டு சவாரி என்பதைக் குணமாகிவரும் தோளும் இடுப்பும் தாங்காது. சோர்ந்த கால் கவ்வத்தான் செய்யும். அங்கே ஒரு பொறுமைசாலிக் குதிரையில் கிடைத்த நம்பிக்கை, சென்னைக்குத் திரும்பி வேறு குதிரையில் ஏறியதும் ஆட்டம் காணும். இங்கேயே சில மாதம் கால் நிலைத்து, கிரிட் சலிப்பூட்ட ஆரம்பித்த பிறகு போனால் அந்த இரண்டு வாரம் தங்கமாகப் பயன்படும்.

தரையில் செய்யும் வேலையும் மற்றவையும்

ஜிம், யோகா, நீச்சல் எல்லாம் துணை. குதிரைக்கு மாற்று இல்லை. பணம் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைக் கீழே இறக்கி, இடுப்பை மடித்து டூ-பாயிண்ட் போலவே நிற்பது. கைப்பிடிச் சுவர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குதிகால் இறங்க மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயமா, இறுகிய கெண்டைத் தசையா என்று அப்போது தெரிந்துவிடும்.

உடல் கவசம் வாங்குவதானால், பழைய நுரைக் கவசம் சென்னையின் புழுக்கத்தில் நெருப்பாகச் சுடும். ஆனால் நம்பகமானது, உடல் சூட்டில் இளகி நன்றாகப் பொருந்தும். காற்றுக் கவசம் இலகுவானது. சேணத்தோடு இணைத்த கயிறு இழுபட்டால் பட்டென்று உப்பிக்கொள்ளும். இறங்கும்போது கயிற்றைக் கழற்ற மறந்தால் அந்தச் சத்தத்தில் குதிரை மிரளும், மைதானமே சிரிக்கும். இரண்டில் எதை வாங்கினாலும் கால் நிலைக்காது என்பதால் இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கண்ணை மூடினால் விழுந்த காட்சியே வருகிறது, தூக்கம் கெடுகிறது, வாரங்கள் கடந்தும் குறையவில்லை என்றால் அது பயிற்சியாளரின் வேலை இல்லை. மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் ‘இதற்கெல்லாமா’ என்பார்கள். போங்கள்.

தாண்டாமலே இருப்பதும் ஒரு தேர்வுதான். தாண்டாதவர் அரைக் குதிரைக்காரர் என்ற பேச்சு லாயங்களில் உலவுகிறது. அதைவிட அபத்தம் இல்லை. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த கால்களோடு 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் டிரஸ்ஸாஜில், அதாவது தடையே இல்லாமல் குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் பிரிவில், தனிநபர் வெள்ளி வென்றார். தரையிலேயே குதிரையை வளைத்து, நேராக்கி, ஒரு கடிவாள அசைவில் நிறுத்தக் கற்றுக்கொள்வதற்கு ஆயுள் போதாது. ஒரு வருடம் டிரஸ்ஸாஜ் செய்துவிட்டுப் பிறகு தடைக்குத் திரும்பியவர்களின் கால், தடையை விடாமல் மோதிக்கொண்டிருந்தவர்களின் காலைவிட நன்றாக இருப்பதையும் கண்டிருக்கிறேன்.

எப்போது தொடங்குவது

சென்னையில் இந்த முடிவுகளை நாட்காட்டியும் சேர்ந்தே எடுக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கே குதிரையின் விலா படபடக்கும். சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். அவற்றை ஓட்டுவது கொடுமை. ஏப்ரல், மே மாதங்களில் விழுந்தவர் அதைக் காத்திருப்புக் காலமாக வைத்துக்கொண்டு மருத்துவம், படிக்கட்டுப் பயிற்சி, லாயத்தில் கைவேலை என்று கழிக்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் லஞ்ச் நன்றாக நடக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், தண்ணீர் வடியாத மைதானத்தில் எவ்வளவு சிறிய தடையையும் தாண்டக் கூடாது. வழுக்கி விழுந்தால் குதிரையே உங்கள் மேல் விழும். மழை விட்ட நாட்களில் நடையும் தரைக் கட்டைகளும் போதும்.

கிரிட்டுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் பொற்காலம். ஆனால் அரையாண்டு விடுமுறையில் பெற்றோர்கள் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்த வயதான, தவறாத குதிரை முதலில் அவர்களுக்குப் போய்விடும். நவம்பர் மாதமே பயிற்சியாளரிடம் பேசி, எந்த நாள், எந்தக் குதிரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.